ஐஸ் பெட்டிக்கு மட்டும் ஒரு வேலை

மக்கா,

ஐஸ் பெட்டி வாங்கிய அன்று நான் அதற்குள் படுத்துப் பார்த்தேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. தக்கலையில் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் நாற்காலி, சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன், பிணம் வைக்கிற குளிர்பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கினால் சோதித்துப் பார்க்காமல் எப்படி அனுப்புவான்? நீளம் போதுமா, மூடி ஒழுங்காக உட்காருகிறதா, உள்ளே குளிருகிறதா என்று தெரிய வேண்டும். வாடிக்கையாளர் திரும்பி வந்து குறை சொல்லப்போவதில்லை, அதனால் நாம்தான் பார்க்க வேண்டும். கடையில் அப்போது நானும் தங்கராஜும் மட்டும். முதலில் அவனைத்தான் படுக்கச் சொன்னேன். "எனக்கு ரெண்டு பிள்ளையளு இருக்கு மொதலாளி" என்றான். எனக்கு இருந்தது நீ ஒருவன், ஆகையால் நான் படுத்தேன். அவன் மூடியைப் போட்டான், சுவிட்சைத் தட்டினான், சாயா குடிக்கப் போய்விட்டான். கண்ணாடி வழியாகக் கடையின் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு குளிர் வருமென்று காத்துக் கிடந்தேன். வேர்வைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தாள். வேறு ஒருத்தியாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அவள் பாத்திரத்தைக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, பைய மூடியைத் திறந்து, "இது ஒங்களுக்குக் காணாது. வயித்துக்குத் தனியா ஒண்ணு வாங்கணும்" என்றாள்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஐஸ் பெட்டி, சுவிட்சைப் போட்டதும் குளிராது. கடையிலேயே ஒரு மணி நேரம் கரண்டில் போட்டுவைத்து, உள்ளே குளிர் பிடித்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். நாற்காலிக்கு இந்த வம்பு கிடையாது. சாமியானாவுக்குக் கிடையாது. பிரியாணிச் செம்புக்குக் கிடையாது. கடையில் இருக்கிற அத்தனை சாமானிலும் அது ஒன்றுக்குத்தான் புறப்படுவதற்கு முன்னால் தனியாக ஒரு வேலை.

இதை உனக்குத் தனியாக எழுதாமல் நம் கோவில் பத்திரிகையான பங்கு மலரில் நான் வழக்கமாக ஊர்வம்பு எழுதும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம், தனியாக எழுதினால் நீ பிரிக்காமல் வைத்துவிடுவாய். ஊர் முழுவதும் படித்துவிட்டால் யாராவது ஒரு சித்தப்பா போனில் உனக்கு வாசித்துக் காட்டிவிடுவார். உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். கோட்டாற்றில் பெண் வீட்டுக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பந்தலும் நம்முடையதுதான், சம்பந்தியிடம் வாடகை தருவீரா என்று கேட்க எனக்கு வெட்கம். ஆனால் நீ, தாலி கட்டி முடிந்ததும் அப்படியே பெங்களூருக்கு வண்டி ஏறுவதாகவும், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாய். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் இறங்கிப் போனவன், மூன்று வருடமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை. உனக்கு என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். அது எனக்குப் பழக்கமான விஷயம், பாதித் தக்கலைக்கு என் மேல் கோபம்தான். போன வாரம் ஜெனி கூப்பிட்ட பிறகுதான் அது இல்லை என்று தெரிந்தது.

"மாமா, ஒண்ணு சொன்னா அவர்ட்ட சொல்ல மாட்டீங்கல்லா?" என்றாள் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள்.

"சத்தியமாச் சொல்ல மாட்டேன் மக்கா" என்றேன்.

"அம்மைக்க முகத்தக் கெடுத்தது நாந்தான்னு சொல்லியாரு. அவரு எழுதின புரோகிராம்ல இருந்து ஒரு வரிய எடுத்துட்டாராம். அந்த வரி இருந்திருந்தா பெட்டி குளுந்து வந்திருக்குமாம். இத நெனச்சு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியலங்காரு."

நான் சத்தியத்தைக் காப்பாற்றுகிற லட்சணத்தை நீ இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறாய். போனை வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு ஒதுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். எந்த வரி என்று எனக்கு நினைவு இருந்தது. அதை நீ எடுத்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து நேந்திரம்பழ வத்தல் தின்றுகொண்டிருந்தேன்.

நீ இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்த நேரம் அது. நம் மாவட்டத்தில் ரப்பர் மரத்துக்கு அடுத்தபடியாக இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். புராஜெக்டுக்கு மற்றப் பிள்ளைகள் மார்த்தாண்டத்தில் காசு கொடுத்து ஆயத்தமாக வாங்கிக்கொண்டு வந்தார்கள். நீ நம் கடைக்கே புரோகிராம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாய். உன் அம்மா பூரித்துப் போனாள். நான் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘வாடகைப்பொருள்’ என்று ஒரு தாய் கிளாஸ் வைத்தாய். நாற்காலி, சாமியானா, செம்பு, ஐஸ் பெட்டி எல்லாம் அதன் பிள்ளைகள். தாய்க்கு ‘அனுப்பு’ என்று ஒரு வேலை. பிள்ளைகள் அந்த ஒரே வேலையை அவரவர் வழியில் செய்யும். நாற்காலி அடுக்கடுக்காக ஏறும், சாமியானா மடிந்து ஏறும், செம்பு மூடியோடு எண்ணிக்கை சொல்லி ஏறும். வண்டியில் ஏற்றுகிற மெஷினுக்கு எது நாற்காலி எது செம்பு என்று தெரியவே வேண்டாம், வரிசையில் நிற்கிற ஒவ்வொன்றையும் பார்த்து ‘அனுப்பு’ என்றால் போதும் என்று விளக்கினாய். இதற்கு நீ பாலிமார்ஃபிசம் என்று பெயர் சொன்னாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நம் நாற்காலிக்கும் தெரியாது அல்லவா, தான் போகிறது கல்யாண வீட்டுக்கா சாவு வீட்டுக்கா என்று. அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். உன் அம்மா, "இத பங்கு மலர்ல எழுதிராதீங்க" என்றாள்.

சிக்கல் ஐஸ் பெட்டியில் வந்தது. அதற்கு மட்டும் நீ ‘குளிரவை’ என்று தனியாக ஒரு வேலை எழுதினாய். ஆனால் வரிசையில் நிற்கும்போது அதுவும் வெறும் வாடகைப்பொருள். வாடகைப்பொருளுக்குக் ‘குளிரவை’ தெரியாது, ஆகவே அதைக் கூப்பிட மெஷின் விடவில்லை. பெட்டி அங்கேயே நிற்கிறது, அதற்கு அந்த வேலை தெரியும், ஆனால் பொதுப் பெயரால் பார்க்கிறவனுக்கு அது கண்ணில் படாது. இது எனக்கு அதிசயமாக இருந்தது. அதனால் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன்.

"எலே, எல்லாத்துக்கும் குளிரவைன்னு ஒரு வேல குடுத்துரு. தொல்ல தீந்துல்லா?"

"நாற்காலியக் குளிரவைன்னா அது என்னப்பா செய்யும்?"

"சும்மா இருக்கும். நீ படிக்கேன்னு சொல்லிட்டு இருக்குத மாதிரி."

"அதாம்ப்பா தப்பு. செய்ய முடியாதத செய்யும்னு எழுதி வச்சா, ஒரு நாள் யாராவது நம்பிருவாங்க."

அப்புறம் நீயே ஒரு வழி செய்தாய். வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொரு பொருளையும் நிறுத்தி, ‘நீ ஐஸ் பெட்டியா?’ என்று கேட்க வைத்தாய். ஆமாம் என்றால் அதைப் பெட்டி என்ற சொந்தப் பெயரில் கையில் எடுத்துக் குளிரவைத்து, ‘ஒரு மணி நேரம் கரண்டில் போடவும்’ என்று வண்டியோடு போகும் சீட்டில் ஒரு வரி அடித்து, பிறகு அனுப்பும். அதுதான் அந்த வரி. கல்லூரியில் உன் சார் அதைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "ஒவ்வொண்ணையும் நீ யாரு நீ யாருன்னு கேக்கதுக்கு எதுக்குடே தாய் பிள்ளைன்னு இன்ஹெரிட்டன்ஸ்? வாட்ச்மேன் வேலையா பாக்கிய?" என்றாராம். நீ காது சிவக்க வீட்டுக்கு வந்தாய். மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை. அந்தக் கேள்வியை அழித்தாய். ‘குளிரவை’ என்ற வேலை மட்டும் பெட்டிக்குள்ளே அப்படியே இருந்தது, அதை அழைக்க யாரும் இல்லாமல். "பரவால்லப்பா, தங்கராஜ் அண்ணனுக்குத் தெரியுமே" என்றாய். நான் வத்தல் பாத்திரத்தை உன் பக்கம் தள்ளினேன். பாஸாகிவிட்டாய். புரோகிராமைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனாய்.

அம்மா போனது மே மாதத்தில். இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். உனக்குப் போன் போட்டோம், நீ மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடியும். அத்தனை நாள் ஊருக்கெல்லாம் பெட்டி அனுப்பினவன், என் வீட்டுக்குப் பெட்டி வேண்டும் என்று என் கடைக்கே போன் செய்தேன். "உடனே" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. தங்கராஜ் அழுதுகொண்டே பறந்து வந்தான். பெட்டி வெறும் பெட்டியாக வந்தது. உள்ளே அந்த முதல் நாள் நான் படுத்திருந்த அதே சூடு. வீட்டில் கரண்டும் குறைவு, பல்பு மங்கலாக எரிந்தது. வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து முகத்தைத் தொட்டு அழுதார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? என் மைத்துனர் மட்டும் அழாமல் வெளியே நின்று, "பந்தக்கால் கோணலா நிக்கே வேய், ஒம்ம கடைப் பந்தல்தானா இது?" என்றார். அந்த மனிதரின் மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு, அந்த நாளில் நான் பதில் சொல்லத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

விடிந்தபோது முகம் மாறிவிட்டது. ஃபாதர் பார்த்துவிட்டு, பையனுக்கு இப்படிக் காட்ட வேண்டாம் என்று என் காதில் சொன்னார். நான்தான் அவளுடைய கோவில் முக்காட்டை எடுத்து முகத்தின் மேல் போட்டேன். நீ வந்து நின்றபோது ஜெபமாலை சுற்றிய கைகளை மட்டும் பார்த்தாய். முக்காட்டை எடுக்கச் சொல்லி நீ ஒரு முறை கேட்டாய். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நீ மறுபடி கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இருந்து திரும்பும்போது தங்கராஜ் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "கரண்டுல போடாமக் கொண்டு வந்துட்டேன் தம்பி, மறந்துட்டேன்" என்று அழுதான். அவன் தன் குற்றத்தைச் சொன்னான். நீ அதில் உன் குற்றத்தைக் கேட்டிருக்கிறாய். சீட்டில் அந்த வரி இருந்திருந்தால் அழுதுகொண்டு வந்தவன்கூடப் படித்திருப்பான் என்று மூன்று வருடமாகக் கணக்குப் போட்டிருக்கிறாய்.

ஜெனியிடம் நான் கெஞ்சிக் கேட்டுப் பாடம் படித்தேன். அவளும் உன் தொழில்தானே. அந்த வரியை எடுத்தது அவ்வளவு பெரிய தப்பா என்றேன். அவள் நல்ல பொறுமைசாலி, என் மருமகளாக வருவதற்கு அது போதும். "ஒரே ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டா குடி முழுகாது மாமா. சாமான் கூடக் கூடக் கேள்வியும் கூடும், ஒரு எடத்துல கேக்க மறந்துருவோம், அதான் சார் ஏசுனாரு. ஆனா கேள்விய எடுக்கச் சொன்னவரு அதுக்குப் பதிலா என்ன வைக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கணும்லா?" என்றாள். என்ன வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். தாய் கிளாசிலேயே ‘தயாராகு’ என்று ஒரு வேலை வைக்கலாமாம். நாற்காலி என்றால் துடைத்துக்கொள்ளும், செம்பு என்றால் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளும், பெட்டி என்றால் குளிர்ந்துகொள்ளும். ஏற்றுகிறவன் யாரையும் நீ யார் என்று கேட்க வேண்டாம், ‘தயாராகு’ என்பான், பிறகு ‘அனுப்பு’ என்பான். நாற்காலியும் பொய் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியும் மறைந்து நிற்க வேண்டியதில்லை. அப்படிப் பொதுவாக ஒரு சொல் அமையாத வேலையாக இருந்தால், பெட்டியை எல்லாச் சாமானோடும் வரிசையில் போடுவதற்கு முன்பே, அதன் சொந்தப் பெயரில் கையில் இருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டுமாம். கூட்டத்தில் விட்டுவிட்டுப் பிறகு தேடக்கூடாது என்றாள்.

இதைக் கேட்டபோது எனக்கு உன் புரோகிராம் நினைவு வரவில்லை மக்கா. அடக்க வீட்டில் நீ பெட்டிப் பக்கம் நின்ற நிலைதான் வந்தது. வந்தவர்களிடம் எல்லாம் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருந்து வந்த அத்தையிடம், பந்தல் போட்ட ஆட்களிடம், ஃபாதரிடம், "சாப்பிட்டியளா?" நாற்பது வருடம் பந்தலுக்குக் கீழே பழகிய வாய். உன்னிடமும் அதையே கேட்டேன். "சாப்பிட்டியா மக்கா?" நீ தலையசைத்தாய். அதற்குப் பிறகு மூன்று வருடம் போனிலும் அதையேதான் கேட்டேன், நீயும் ஆமாம் என்றாய், இருவரும் கடமை முடிந்ததென்று போனை வைத்தோம். அம்மாவுக்குப் பிள்ளையாக நீ ஒருவன்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போன பிள்ளை இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். உன்னிடம் மட்டும் கேட்க வேண்டிய ஒன்று இருந்தது, அதை நான் கேட்கவே இல்லை. வந்தவர்கள் வரிசையில் உன்னையும் நிறுத்தி, எல்லோருக்கும் சொன்னதையே சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குள் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். ஜெனியை மருமகள், மனைவி, மதினி என்று ஆளாளுக்கு ஒரு பொதுப் பெயரில் கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கும், அவளுக்கு மட்டும் தேவையான ஒன்றும் இருக்கும். அது என்ன என்று உன் அம்மா விஷயத்தில் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது. நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது என்பதை அவளுடைய கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். அதுவரைக்கும் ஊருக்குச் சொல்கிற தமாஷையே அவளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். சிரித்ததால் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வா. கோட்டாற்றில் இருந்து தக்கலைக்கு எவ்வளவு தூரம், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டி வர நான் லாரியா அனுப்பப் போகிறேன்? நடுவறையில் அம்மா படம் இருக்கிறது, வேளாங்கண்ணிக்குப் போனபோது எடுத்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும். அதன் முன்னால் நிற்கும்போது நான் உன்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியதை இந்த முறை கேட்பேன், நீ சொல்கிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டும் இருப்பேன். தங்கராஜையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், அவன் உன் கண்ணில் படாமல் இருக்க அன்றைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு பந்தல் வேலையை வேண்டுமென்றே ஒத்துக்கொண்டிருக்கிறான்.

இனி ஜெனியிடமும் நான் சொல்லாத ஒன்று. நீ வேலைக்குப் போன அந்த ஐப்பசியில் ஓர் இடி விழுந்து கடைக் கம்ப்யூட்டர் உன் புரோகிராமோடு போய்விட்டது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நீ வருத்தப்படுவாயே என்று உன் அம்மாதான், ஓடுகிறது என்று சொல்லிவிடச் சொன்னாள், நானும் போனில் ஓடுகிறது ஓடுகிறது என்றேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்தபோதெல்லாம் கடைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டோம். அம்மா போன அந்த மே மாதத்தில் நம் கடையில் சீட்டு அடிக்க ஒரு கம்ப்யூட்டரே இல்லை.